பழைய படகுக்கு வார்னிஷ் அப்புறம் அடிக்கலாம், முதல்ல லிவர் எங்கேன்னு முடிவு பண்ணுங்க

1/
பழைய மர மோட்டார் போட்டைப் புதுப்பிக்கிற வீடியோக்களை நிறைய பேர் பாக்குறீங்க. அமெரிக்காவில் மிச்சிகன், லேக் ஜார்ஜ், லேக் டாஹோ பக்கம், இத்தாலியில் ஏரிகள் பக்கம் இது பெரிய பொழுதுபோக்கு. சிலருக்கு முழுநேரத் தொழில். அழுகின பலகையைக் கழட்டி, புது மஹோகனி வெச்சு, கோட் மேல கோட்டா வார்னிஷ் அடிச்சு, குரோம் எல்லாம் மின்ன வைக்கிறாங்க. எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா என் கண்ணு மட்டும் வேற இடத்துக்குப் போயிடும். ஓட்டுறவரோட கை எங்கே போகுது?

2/
த்ராட்டில் லிவர், கியர் லிவர், இன்ஜினை நிறுத்துற சுவிட்ச். இந்த மூணும் எங்கே இருக்கணும்ங்கிறது பெரும்பாலும் வேலை முடியுற கடைசி வாரத்துலதான் முடிவாகுது. "இங்க இடம் இருக்கு, இங்கயே ஓட்டை போட்டுடலாம்." என் கருத்து: பலகையைத் தொடுறதுக்கு முன்னாடியே முடிவாக வேண்டிய விஷயம் இது. அந்தப் படகுல ஒருத்தருக்குக் கையோ காலோ போகுமான்னு தீர்மானிக்கிறது பெரும்பாலும் இந்த மூணுதான். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

3/
"டாக்டருக்கு போட்ல என்ன வேலை?"ன்னு கேப்பீங்க. நான் மயக்க மருத்துவர். ஒரு பெட்டி முன்னாடி நின்னு, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற குமிழ்களைத் திருப்புறதுதான் என் தொழில். ஒண்ணு ஆக்சிஜன், இன்னொண்ணு நைட்ரஸ் ஆக்சைடு. மாத்தித் திருப்பினா நோயாளிக்கு என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. அதனால "கவனமா இருங்க"ன்னு சொல்றதை எங்க துறை ரொம்ப நாளைக்கு முன்னாடியே போதாதுன்னு முடிவு பண்ணிடுச்சு.

4/
எப்படி? நம்ம ஊர்ல ஓடுற பாயில் வகை மெஷின்ல ஆக்சிஜன் குமிழ் இடது ஓரத்துல இருக்கும். அமெரிக்காவில் வலது ஓரம். எந்த ஓரமா இருந்தாலும் அந்தக் குமிழ் மத்ததைவிடப் பெரிசு, கொஞ்சம் முன்னால துருத்திட்டு நிக்கும், விளிம்புல ஆழமா வரி வரியா பள்ளம் இருக்கும். இருட்டுல, கையுறை போட்ட விரல் தொட்டாலும் தெரியணும். சிலிண்டர் மாட்டுற இடத்துல ரெண்டு ஊசி இருக்கும். வாயுவுக்கு வாயு அந்த ஊசி இருக்கிற இடம் மாறும். தப்பான சிலிண்டர் உக்காரவே உக்காராது.

5/
இதுல இருக்கிற தத்துவம் ரொம்ப எளிமை. மனுஷன் தப்பு பண்ணுவான். அசதில பண்ணுவான், பதட்டத்துல பண்ணுவான், பக்கத்துல யாராவது பேசிட்டிருந்தா பண்ணுவான். அதனால தப்பு நடக்கக் கஷ்டமா இருக்கிற மாதிரி மெஷினைச் செய்யணும். இந்தப் பாடம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. விமானத்துலதான் இது ரொம்பத் தெளிவா எழுதப்பட்டது.

6/
இரண்டாம் உலகப் போர். பி-17 குண்டுவீச்சு விமானம். பத்திரமா தரையிறங்கின பிறகு, ஓடுபாதையில ஓடிட்டிருக்கும்போதே சில பைலட்டுகள் சக்கரத்தை உள்ளே இழுத்துட்டாங்க! விமானம் வயித்துல சறுக்கி நாசம். 'பைலட் தவறு'ன்னு எழுதி ஃபைலை மூடினாங்க. அல்ஃபான்ஸ் சப்பானிஸ்ங்கிற உளவியலாளர் காக்பிட்டைப் போய்ப் பாத்தார். சக்கரத்துக்கான சுவிட்சும், இறக்கை மடிப்புக்கான சுவிட்சும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே மாதிரி.

7/
அவர் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? சக்கர சுவிட்ச் முனையில சின்ன சக்கரம் மாதிரி ஒரு உருண்டை. இறக்கை சுவிட்ச் முனையில ஆப்பு மாதிரி ஒரு தட்டை. அவ்வளவுதான். பைலட்டை மாத்தலை, கைப்பிடியை மாத்தினார். இன்னிக்கும் விமானங்கள்ல சக்கர லிவர் முனை சக்கரம் மாதிரிதான் இருக்கும்.

8/
அடுத்து 1947. பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் ரெண்டு பேரும் 'பைலட் தவறு'ன்னு சொல்லப்பட்ட 460 சம்பவங்களை எடுத்து ஆராய்ஞ்சாங்க. எல்லாத்தையும் ஆறு வகையில பிரிச்சாங்க: ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணை எடுக்கிறது, அளவு தவறுறது, மறந்துபோறது, எதிர்த்திசையில தள்ளுறது, தெரியாம தட்டிவிடுறது, கைக்கு எட்டாமப் போறது. முதல் வகை மட்டுமே ஏறக்குறைய பாதி. பழைய படகைப் புதுப்பிக்கிற எல்லாரும் இந்த ஆறையும் ஒரு தாள்ல எழுதி ஒர்க்‌ஷாப் சுவத்துல ஒட்டணும்ங்கிறது என் ஆசை. ஏன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

9/
அதுக்கு முன்னாடி படகைப் பத்தி மூணு விஷயம். ஒண்ணு, படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்தணும்னா ரிவர்ஸ் கியர்தான் பிரேக். ரெண்டு, இந்த மாதிரி இன்போர்ட் படகுல சுக்கானுக்கு உயிர் குடுக்கிறது புரொப்பல்லர் தள்ளுற தண்ணி. நியூட்ரல்ல வந்ததும் ஸ்டியரிங் பாதி செத்துடும். மூணு, ரிவர்ஸ்ல புரொப்பல்லர் படகோட பின்பக்கத்தை ஒரு பக்கமா இழுக்கும். ஆக கரை ஒதுங்கும்போது ஸ்டியரிங், த்ராட்டில், கியர் மூணும் சில விநாடிக்குள்ள மாறி மாறி வேணும். கை இருக்கிறதோ ரெண்டு.

10/
1930, 40கள்ல வந்த அமெரிக்க ரன்அபவுட் படகுகளை எடுத்துக்குங்க. மிச்சிகன்ல அல்கோனாக் ஊர்ல பிறந்த கிறிஸ்-கிராஃப்ட் மாதிரி. பலதுல த்ராட்டில் ஸ்டியரிங் நடுவுல ஒரு சின்னக் கம்பியா இருக்கும். சக்கரம் சுத்தினாலும் அது அசையாம நிக்கும். அந்தக் காலத்து ஃபோர்டு மாடல் டி கார்லயும் ஸ்டியரிங் கீழதான் த்ராட்டில், வலது பக்கம். படகுக்காரங்களும் அதே பழக்கத்துல செஞ்சாங்க. கியருக்குத் தரையிலிருந்து எழுந்து நிக்கிற நீளமான இரும்பு லிவர். முன்னால தள்ளினா முன்னே, பின்னால இழுத்தா பின்னே.

11/
அது ஏன் அவ்வளவு நீளம்? அழகுக்கு இல்லைங்க. அன்னிக்கு இருந்த கியர்பாக்ஸ் கைபலத்துல வேலை செய்யறது. கிளட்சைப் பூட்டுறதுக்கு நல்ல அழுத்தம் வேணும். பல கியர்கள்ல ரிவர்ஸ் போட்டா லிவரை இழுத்துப் பிடிச்சுட்டே இருக்கணும். கையை விட்டா ரிவர்ஸ் விட்டுடும். அந்த அழுத்தத்துக்காகத்தான் நெம்புகோல் நீளம். அந்த லிவரைக் கழட்டிட்டு, கேட்டலாக்கைப் பாத்து ஒத்தை லிவர் பெட்டி ஒண்ணு வாங்கி மாட்டினா, அதுல வர்ற புஷ்-புல் கேபிள் சுமார் 3 இன்ச்தான் நகரும். பழைய கியருக்கு அந்த நகர்வும் பத்தாது, பலமும் பத்தாது.

12/
அதனால முதல் கேள்வி "எந்த லிவர் அழகு?"ன்னு இருக்கக் கூடாது. "உள்ளே இருக்கிற கியர் எந்த வகை?" அதுதான் முதல் கேள்வி. அசல் கைபல கியர் இருந்தா, அசல் லிவரை விடுங்க. இன்ஜினையே மாத்தி, வெல்வெட் டிரைவ் மாதிரி ஹைட்ராலிக் கியர் வெச்சிருந்தா கேபிள் போதும். ஆனா லிவர் கடைசிப் பள்ளம் வரைக்கும் முழுசா போய் உக்காரணும். அரைகுறையா நின்னா கிளட்ச் வழுக்கும், சூடாகும், தேயும். கைக்கு 'போயிடுச்சு'ன்னு தோணும், உள்ளே போயிருக்காது. கேபிள் நீளத்தைச் சரியா அமைச்சா மட்டும்தான் இது சரியாகும்.

13/
இப்போ ஆறு வகைத் தப்புக்கு வருவோம்.

முதல் தப்பு: ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு. ரெண்டு இன்ஜின் படகுன்னா ரெண்டு கியர், ரெண்டு த்ராட்டில், மொத்தம் நாலு லிவர். இத்தாலியின் சார்னிகோவில் 1962-லிருந்து வந்த ரிவா அக்வராமா இந்த ரெட்டை இன்ஜின் வகை. வழக்கமான ஏற்பாடு என்னன்னா கியர் லிவர்கள் ஒரு ஜோடி, த்ராட்டில் ஒரு ஜோடி. கியர் குமிழ் கறுப்பு, த்ராட்டில் குமிழ் சிவப்பு.

14/
சிலர் "நாலும் ஒரே குரோம் உருண்டையா இருந்தா அழகு"ன்னு மாத்திடுறாங்க. இது அந்த பி-17 கதையேதான். கரை 10 அடி தூரத்துல இருக்கு, த்ராட்டிலைக் குறைக்கப் போறோம்னு நினைச்சு கியரைப் பிடிச்சா? நிறம் மட்டும் போதாது, கண்ணு அப்போ கரைமேலதான் இருக்கும். வடிவமும் மாறணும். ஒண்ணு உருண்டை, ஒண்ணு தட்டை. குரோம்லயே செஞ்சுக்குங்க, யார் வேண்டாம்னா? விரலுக்குத் தெரிஞ்சா போதும்.

15/
ரெண்டாவது: அளவு தவறுறது. த்ராட்டில் லிவர் ரொம்பக் குட்டையா இருந்தா, கால் இன்ச் அசைஞ்சாலே இன்ஜின் உறுமும். அலையில படகு குதிக்கும்போது கையும் குதிக்கும், வேகமும் குதிக்கும். லிவர் நல்லா நீளமா நகரணும், நின்ன இடத்துல நிக்கிற அளவுக்குக் கொஞ்சம் இறுக்கம் வேணும். கேபிளை மடக்கி மடக்கிக் கொண்டுபோனா அசைவு பிசுபிசுன்னு ஆகிடும். சாதாரண கேபிளுக்கு வளைவோட ஆரம் சுமார் 8 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. லிவர் எங்கேங்கிறது இந்தக் கேபிள் போற வழியையும் சேர்த்த முடிவு.

16/
மூணாவது: மறக்கிறது. பழைய படகுல பட்டனை அழுத்தினா ஸ்டார்ட்டர் சுத்தும். கியர் முன்னால கிடக்குதா, நியூட்ரலான்னு அதுக்குக் கவலை இல்லை. கியர்ல இருக்கும்போது ஸ்டார்ட் ஆச்சுன்னா படகு ஒரே தாவு. அந்த நேரத்துல ஏணியில ஒரு குழந்தை ஏறிட்டிருந்தா? நியூட்ரல்ல இருந்தாதான் ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் போற மாதிரி ஒரு சின்ன சுவிட்சைக் கியர் இணைப்புல வெச்சுடலாம். வெளியே தெரியவே தெரியாது. அமெரிக்காவில் குறிப்பிட்ட விசைக்கு மேல உள்ள அவுட்போர்ட் மோட்டார்களுக்கு இது சட்டப்படியே கட்டாயம். பழைய இன்போர்ட் படகுக்கு யாரும் கட்டாயப்படுத்தலை. நீங்களே பண்ணிக்கணும்.

17/
மறதியில இன்னொண்ணு, ப்ளோயர். பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனமானது. மூடின இன்ஜின் அறையோட அடித்தளத்துல தேங்கி நிக்கும். ஒரு பொறி போதும். அதனாலதான் இன்றைய படகுகள்ல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 4 நிமிஷம் ப்ளோயரை ஓடவிட்டு, மோந்து பாருங்கன்னு எச்சரிக்கை ஒட்டுறாங்க. பழைய படகுல ப்ளோயர் சேர்க்கிறவங்க அதோட சுவிட்சை விளக்கு சுவிட்சோட சேர்த்து எங்கயோ ஓரத்துல வெச்சிடுறாங்க. அது ஸ்டார்ட் பட்டனுக்கு முன்னால, கை போற வழியிலயே இருக்கணும். பெட்ரோல் தீக்காயம் பட்டவங்களைத் தீவிர சிகிச்சையில பாத்த எந்த டாக்டரும் அந்த 4 நிமிஷத்தை அதிகம்னு சொல்ல மாட்டார்.

18/
நாலாவது: எதிர்த்திசை. இன்ஜின் மாத்தும்போது புது இன்ஜினோட சுழற்சி பழசுக்கு எதிரா இருக்கலாம். கியர்பாக்ஸ்ல லிவர் கை இருக்கிற பக்கமும் மாறலாம். கேபிள் மாட்டிப் பாத்தா முன்னால தள்ளினா படகு பின்னால போகுது! "பழகிடும்"னு விட்டுடுறாங்க. பழகும், உங்களுக்கு. சாதாரண நாள்ல. அவசரத்துல மூளை பழைய வழக்கத்துக்குத்தான் ஓடும். மச்சான் ஒருநாள் ஓட்டினா அவருக்கு அதுவும் கிடையாது. முன்னால தள்ளினா முன்னே போகணும், அதிகமாகத் தள்ளினா அதிகமாகணும். இதுல பேரமே கிடையாது.

19/
அஞ்சாவது: தெரியாம தட்டிவிடுறது. ஒத்தை லிவர் பெட்டியை ஓட்டுறவர் வலது முழங்கால் பக்கம், படகோட சுவத்துல மாட்டுறது வழக்கம். புதுப் படகுல இடம் கணக்குப் பண்ணி வெச்சிருப்பாங்க. பழைய ரன்அபவுட்ல சீட்டு ஒரு பெஞ்சு, காலுக்கு இடம் குறைவு, ஏறி இறங்கறதும் அந்தப் பக்கமாத்தான். இறங்குறவர் முட்டி பட்டா போதும், படகு நகரும். நியூட்ரல்ல பூட்டிக்கிற, தூக்கினா மட்டும் நகர்ற வகை லிவர் இருக்கு. சுவத்துல மாட்டுறீங்கன்னா அந்த வகையைத் தவிர வேற வாங்காதீங்க.

20/
படகு நகர்ந்தா என்னன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. இன்ஜின் 600 சுத்துல சும்மா ஓடுது, நேரடி ஷாஃப்ட், மூணு இலை புரொப்பல்லர். விநாடிக்கு 10 சுத்து, 30 வெட்டு. 3000 சுத்துன்னா விநாடிக்கு 150 வெட்டு. இது கத்திக் காயம் மாதிரி ஒரே கோடா இருக்காது. வரிசையா, ஆழமா, எலும்போட சிதைஞ்சு இருக்கும். அதோட ஏரித் தண்ணியில இருக்கிற ஏரோமோனாஸ், கடல்ல இருக்கிற விப்ரியோ மாதிரி கிருமிகளும் காயத்துக்குள்ள போகும். உயிர் தப்பினாலும் காலைக் காப்பாத்துறது கஷ்டம். தடுக்கிறதைவிட நல்ல சிகிச்சை இதுக்குக் கிடையாது.

21/
ஆறாவது: எட்டாமப் போறது. இந்தப் படகுகளை ஓட்டுறவங்க எப்பவும் உக்காந்தே ஓட்ட மாட்டாங்க. கரை ஒதுங்கும்போது எழுந்து நிப்பாங்க, இல்லைன்னா சீட்டு முதுகு மேல ஏறி உக்காருவாங்க. மூக்கு நீளம், முன்னால தெரியாது. உக்காந்து அளந்து வெச்ச லிவர், நின்னா எட்டாது. அதிகமா வேணும்னு நினைக்கிற நேரத்துலதான் அது கைக்குத் தூரமா இருக்கும். உயரமானவர், குள்ளமானவர், உக்காந்து, நின்னு, ஈரக் கையோட, எல்லா விதமாவும் எட்டுதான்னு பாக்கணும்.

22/
சரி, ஒத்தை லிவரா, ரெட்டை லிவரா? வழக்கமா வர்ற சண்டை இது. ஒத்தை லிவர்ல ஒரு பெரிய நன்மை இருக்கு. த்ராட்டில் குறையாம கியர் மாத்தவே முடியாது. பதட்டத்துல முழு வேகத்துலேருந்து ரிவர்ஸுக்கு இழுக்கிற தப்பை அது தடுக்கும். ஓட்டப் போறவர் புதுசு, கியர் ஹைட்ராலிக்னா நான் ஒத்தை லிவருக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

23/
ஆனா ரெட்டைக்கும் ஒரு பலம் இருக்கு, அதை யாரும் பேசறதில்லை. தரையில நிக்கிற அந்த நீள லிவர் தன் நிலையைத் தானே சொல்லும். பின் சீட்டுல இருக்கிற பாட்டிகூட அதைப் பாத்து 'கியர் போட்டிருக்கு'ன்னு சொல்லிடலாம். இதோட மதிப்பு தெரியணும்னா 2016-ஐ நினைச்சுப் பாருங்க. எந்த கியர் போட்டாலும் நடுவுக்கே திரும்பி வந்து நிக்கிற மின்னணு லிவர் வெச்ச கார்கள் சுமார் 11 லட்சத்தை ஒரு பெரிய நிறுவனம் திரும்பக் கூப்பிட வேண்டி வந்துச்சு. 'பார்க்'ல போட்டாச்சுன்னு நினைச்சு இறங்கினவங்க மேலயே வண்டி உருண்டது. புதுசு எல்லாம் பாதுகாப்புன்னு அர்த்தமில்லை. 80 வருஷத்துக்கு முந்தின இரும்புக் கம்பி இந்த விஷயத்துல அந்த காரைவிட நேர்மையானது.

24/
அடுத்து நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்னு சொல்ற ஒண்ணு, கில் சுவிட்ச். கார்ல காலை எடுத்தா ஆக்சிலரேட்டர் தானே குறையும். படகு த்ராட்டில் அப்படியில்லை, விட்ட இடத்துலயே நிக்கும். ஓட்டுறவர் அலையில தூக்கி வீசப்பட்டாலோ, நெஞ்சைப் பிடிச்சுட்டு சாஞ்சாலோ, படகு அதே வேகத்துல போயிட்டே இருக்கும். பிடிக்க ஆளில்லாத ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பி, படகு வட்டம் போடும். வட்டம் போட்டு எங்கே வரும்? தண்ணியில விழுந்தவர் கிடக்கிற இடத்துக்கே வரும். படகு ஓட்டுற நாடுகள்ல இதுக்கு 'மரண வட்டம்'னே பேர்.

25/
வைத்தியம் ஒரு கயிறு. ஒரு முனை ஓட்டுறவர் உடம்புல, இன்னொரு முனை சுவிட்ச்ல. கயிறு பிடுங்கினா இன்ஜின் நின்னுடும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1-லிருந்து, 26 அடிக்குக் குறைவான, இந்த சுவிட்ச் பொருத்தின மோட்டார் படகு வேகமெடுக்கும்போது ஓட்டுறவர் கயிறை மாட்டிக்கிறது சட்டம். ஆனா சுவிட்சே இல்லாத பழைய படகுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது 1940-ல செஞ்ச உங்க படகுக்கு விலக்கு. சட்டம் விலக்கு குடுக்கும். தண்ணியும் புரொப்பல்லரும் வருஷம் பாக்காது.

26/
"அசல் டாஷ்போர்டுல சிவப்புக் கயிறு தொங்கினா அசிங்கம்"ங்கிறது அடுத்த வாதம். டாஷ்போர்டுல வைக்காதீங்க! டாஷுக்கு அடியில, ஸ்டியரிங் கம்பத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன பிராக்கெட்ல வைங்க. அசல் மரத்துல ஒரு ஓட்டையும் வேண்டாம். சாதாரண காயில் இக்னிஷன்னா காயிலுக்குப் போற கரன்ட்டை வெட்டணும். மேக்னெட்டோன்னா அதை எர்த் பண்ணணும். டீசல் போட்டிருந்தா எண்ணெயை நிறுத்துற சோலனாய்டு வேணும். வகை மாறினா வயரிங் மாறும், மாத்திப் போட்டா சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரி. கண்காட்சி நாள்ல கயிறைக் கழட்டி டிக்கியில வெச்சுக்குங்க. ஓட்டுற நாள்ல மாட்டுங்க.

27/
அசல் பிரியர்கள் சொல்றதுல நியாயம் இருக்குன்னு நானும் ஒத்துக்கிறேன். 1975-ல் லேக் ஜார்ஜ்ல தொடங்கின பழம்படகுச் சங்கம் மாதிரி அமைப்புகள் இல்லைன்னா இந்தப் படகுகள்ல பாதி விறகாப் போயிருக்கும். அசல் லிவர் ஒரு சரித்திர ஆவணம். அதனாலதான் நான் அசலைத் தூக்கிப் போடச் சொல்லலை. நியூட்ரல் சுவிட்ச், கில் சுவிட்ச், ப்ளோயர் மூணையும் மறைச்சு வெச்சா கண்ணுக்கு 1940, பாதுகாப்புக்கு இன்னிக்கு. எங்க ஆஸ்பத்திரியிலயும் அதேதான். பழைய கட்டடம் இருக்கட்டும், ஆக்சிஜன் குழாய் மட்டும் புதுசா இருக்கணும்.

28/
நடைமுறையில என்ன பண்றது? டாஷ் பலகையை வெட்டுறதுக்கு முன்னாடி, அட்டையிலயோ மலிவான பிளைவுட்லயோ ஒரு மாதிரி செய்யுங்க. லிவரைக் கிளாம்ப் போட்டு நிறுத்துங்க. சீட்டை அசல் உயரத்துல வைங்க, மெத்தை தடிமன் உட்பட. உக்காந்து, நின்னு, கண்ணை மூடி ஒவ்வொண்ணையும் தொடுங்க. பக்கத்துல ஒருத்தர் "ரிவர்ஸ்! நிறுத்து! த்ராட்டிலைக் குறை!"ன்னு மாத்தி மாத்திக் கத்தட்டும். கை தேடுச்சுன்னா, லிவர் இருக்கிற இடம் தப்பு. தோல்ல போட்ட வெட்டு ஆறும். மஹோகனியில போட்ட ஓட்டை ஆறாது.

29/
அப்புறம் இன்னொரு சோதனை. த்ராட்டில் கேபிளைக் கார்புரேட்டர் முனையில கழட்டிப் பாருங்க. ஸ்பிரிங் இழுத்து இன்ஜின் சும்மா ஓடுற நிலைக்கு வருதா, இல்லை முழு வேகத்துக்குப் போகுதா? இணைப்பு அறுந்தா எந்தப் பக்கம் சாயும்ங்கிறதை அறுந்த அன்னிக்குத் தெரிஞ்சுக்கக் கூடாது. எங்க மெஷின்லயும் ஆக்சிஜன் அழுத்தம் போனா நைட்ரஸ் தானா நின்னுடும். கெடும்போது நல்ல பக்கமா கெடணும். அதுதான் நல்ல மெஷின்.

30/
கடைசியா ஒண்ணு. போன வருஷம் வரைக்கும் உங்க அப்பா அந்தப் படகை ஒரு கீறல் இல்லாம ஓட்டியிருக்கலாம். அது லிவர் நல்ல இடத்துல இருக்குன்னு சொல்லாது, அப்பா நல்லா ஓட்டுவார்னுதான் சொல்லும். அவர் உடம்பு அந்தக் குறையை எல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கு. படகைப் புதுப்பிக்கிறது பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்குக் குடுக்கத்தான். மனப்பாடத்தைக் குடுக்க முடியாது. லிவரைச் சரியான இடத்துல வெச்சுக் குடுக்கலாம்.

31/
சுருக்கம்: உள்ளே என்ன கியர்னு பாத்து லிவர் வாங்குங்க. தொட்டா வித்தியாசம் தெரியணும். முன்னால தள்ளினா முன்னே போகணும். நியூட்ரல்ல மட்டும் ஸ்டார்ட் ஆகணும். நின்னாலும் எட்டணும். கில் சுவிட்ச் கயிறு உடம்புல இருக்கணும். இவ்வளவும் முடிஞ்ச பிறகு வார்னிஷ் எத்தனை கோட் வேணும்னாலும் அடிச்சுக்குங்க, நானே வந்து பாத்து ரசிக்கிறேன். படகு, வார்னிஷ் தெரிஞ்சவங்க யாராவது உங்க வட்டத்துல இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க.